குறியீடு இல்லாத பொருள்

எங்கள் டிரை ரூமில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இடம் போதாது என்பதால் அல்ல. மனிதர் மூச்சு விடும்போது ஈரம் வருகிறது. அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிரித்து வெளியேற்ற ஓர் இயந்திரம் கூரைக்கு மேல் இரவும் பகலும் ஓடுகிறது. அதனால் சமாளிக்க முடிந்தது நான்கு பேருடைய மூச்சைத்தான். ஐந்தாவது ஆள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

உள்ளே போனால் இரண்டு மணி நேரம் வெளியே வருவதில்லை. கதவுகள் இரண்டு. ஒன்று மூடி, நடுவிலிருக்கும் சின்ன அறையில் நின்று, காற்று காய்ந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் மற்றது திறக்கும். அவசரம் என்று தட்டினாலும் திறக்காது. அரை மணியில் உதடு வெடிக்கும். கண் இமைக்கும்போது உறுத்தும். தண்ணீர் குடிக்க முடியாது, முகம் கழுவ முடியாது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள், "என்னக்கா இது, ஊறுகாய்க்கு வெயில்ல போட்ட மாதிரி இருக்குது" என்பார்கள். பிறகு பழகிவிடும்.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கிறது அந்த அறை. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதற்கு முன்பு ஈய பேட்டரி செய்யும் ஓரிடத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். இங்கே என் வேலை பதிவேடுகள். எந்தப் பொடி எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த ஓவனுக்குள் போனது, எப்போது வெளியே வந்தது, யார் எடுத்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துக் கையெழுத்திடுவது. வீட்டிலும் எனக்கு அதே பழக்கம். பத்தொன்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் தொடங்கிய நேரம், நின்ற நேரம். என்ன புத்தகம் எத்தனை பக்கம். பஸ் எத்தனை மணிக்கு வந்தது. வீட்டில் கிண்டல் செய்வார்கள். எழுதாத நாள் நடக்காத நாள் போல எனக்குத் தோன்றும்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரியும். வழக்கமான லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கும். சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் லித்தியம் அதன் வழியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரும். அந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. நாங்கள் முயல்வது திரவமே இல்லாத பேட்டரிக்கு. திரவத்தின் இடத்தில் ஒரு மெல்லிய படலம், காகிதத்தைவிட மெல்லியது: ஒரு வகைப் பிளாஸ்டிக், அதற்குள் கலந்த பீங்கான் பொடி. அந்தப் பொடிதான் நானோ அளவில் இருக்க வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்களவில் நூற்றுக்கணக்கான துகள்களை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு நுண்மை. துகள் சிறியதாக இருந்தால் படலத்துக்குள் இடைவெளி விடாமல் பரவும். லித்தியம் போய்வர வழி அதிகமாகக் கிடைக்கும். படலத்தையும் இன்னும் மெல்லியதாக இழுக்கலாம்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு தேக்கரண்டிப் பொடியில் உள்ள எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் விரித்துப் போட முடிந்தால் ஓர் அறையின் தரையை மூடிவிடும். அவ்வளவு பரப்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் காத்திருக்கிறது. ஈரம் பட்டால் ஒவ்வொரு துகள் மேலும் ஒரு தோல் வளரும். தோல் வளர்ந்த துகள் வழியே லித்தியம் போகாது. அதனால்தான் அந்த அறை, அந்தக் கதவுகள், அந்த நான்கு பேர் கணக்கு. வெளியிலிருந்து எந்தப் பொருளும் உள்ளே போக ஒரே வழி சுவரில் பதித்த ஓவன். அதற்கு வெளிப்பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு கதவு. பொருளை வெளிப்பக்கம் வைத்து மூடி, உள்ளேயுள்ள காற்றையெல்லாம் உறிஞ்சி, சூடேற்றிக் காயவைத்து, நைட்ரஜன் விட்டு நிரப்பி, உள்பக்கத்திலிருந்து எடுப்போம். அந்த ஓவனின் சாவி என்னிடம் இருந்தது.

இனி ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் பூஜை வியாழக்கிழமை வந்தது, அன்று விடுமுறை. எனவே புதன்கிழமையே கும்பிட்டுவிடுவது என்று முடிவு. காலை ஏழு மணியிலிருந்து வாழைக்கன்று, பலூன், தோரணம். போர்க்லிப்டுக்குப் பொட்டு, லேத்துக்குப் பொட்டு, கேண்டீன் மாவரைக்கும் இயந்திரத்துக்குக்கூட மாலை. எங்கள் பிரிவில் கலவை இயந்திரம் டிரை ரூமுக்குள் இருக்கிறது. அதற்குச் சந்தனம் கிடையாது, பூ கிடையாது, கற்பூரம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கலவை இயந்திரத்தை ஓட்டும் டெக்னீஷியனுக்கு அது பொறுக்கவில்லை. கண்ணாடி வழியாகக் காட்டிச் சொன்னார்: "பாருங்க மேடம். எல்லா மிஷினும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நிக்குது. நம்மளுது மட்டும் மூஞ்சி கழுவாம நிக்குது."

எங்கள் மேலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள். அவரும் வந்து நின்று பார்த்தார். "ஈரமில்லாம ஏதாவது செய்ய முடியுமா மேடம்? நீங்கதான் யோசனை சொல்லணும்."

நான் யோசனை சொன்னேன். அதுதான் இந்தக் கதை. விபூதியும் குங்குமமும் பொடிதான். காகிதத்தில் மடித்து ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் ஈரம் போய்விடும். உள்பக்கத்திலிருந்து எடுத்துக் கையுறை விரலால் இயந்திரத்தின் வெளிக்கூட்டில் ஒரு கீற்று, ஒரு பொட்டு. கலவைப் பாத்திரம் மூடியிருக்கும், எதுவும் உள்ளே விழாது. நான் இதைச் சொன்னபோது டெக்னீஷியன் கைகொட்டிச் சிரித்தார். "சாமிக்கே க்வாலிட்டி செக் பண்றது நம்ம மேடம் மட்டுந்தான்." எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்பதே முக்காலுக்கு உள்ளே வைத்தேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் பொட்டு வைத்துவிட வேண்டும். பதினொன்று நாற்பத்தைந்துக்கு நைட்ரஜன் வால்வைத் திறந்தேன். வழக்கமாக அதைக் கால் திருகு, காத்திருப்பு, இன்னொரு கால் திருகு என்று கால் மணி நேரம் எடுத்துச் செய்வேன். அன்று மேலாளர் டிரை ரூமுக்குள் கையுறையோடு நின்றிருந்தார், வெளியே கேண்டீன்காரர்கள் பூசணிக்காயோடு நின்றிருந்தார்கள். ஒரே திருகில் திறந்துவிட்டேன். உஸ்ஸென்று சத்தம். மேலாளர் உள்ளிருந்து உள்கதவைத் திறந்தபோது காகித மடிப்பு விரிந்திருந்தது. மிச்சமிருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து மேலாளர் பொட்டு வைத்தார். குங்குமம் சூட்டில் பழுப்பாகியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கைகூப்பினோம்.

ஓவன் பதிவேட்டை எடுத்தேன். முதல் கட்டம் பொருளின் குறியீடு. ஆறு இலக்கம். விபூதிக்குக் குறியீடு ஏது? இரண்டாவது கட்டம் தொகுப்பு எண். மூன்றாவது எடை. குறியீடு இல்லாத பொருளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். மற்றவர்களின் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கூப்பிட்டுக் கேட்கிறவள் நான். அன்றிரவு என் நாட்குறிப்பில் மட்டும் எழுதினேன்: "விபூதி, குங்குமம், ஓவனில் இரண்டு மணி. பூஜை நல்லபடி முடிந்தது."

சனிக்கிழமை வேலை தொடங்கியது. முதல் பொடியை ஓவனில் வைத்தவர் எங்கள் ஆபரேட்டர் பெண். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், முப்பத்துநான்கு வயது, ஒரு மகள். மூன்று வருடமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறாள். புதன்கிழமை நாங்கள் கைகூப்பியபோது அவள் கேண்டீனில் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தாள். விதிமுறைப்படி தட்டுகளில் பொடியைத் திறந்து பரப்பி, உள்ளே வைத்து, பதிவேட்டில் ஆறு இலக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

அந்தப் பொடியில் செய்த பேட்டரி செல்கள் அடுத்தடுத்த வாரங்களில் சோதனையில் வீழ்ந்தன. சார்ஜ் ஏற்றி வைத்தால் தானாக வடிந்தன. பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது படலத்தில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் அறிக்கை வந்தது. படலத்துக்குள் அங்கங்கே அந்நியத் துகள்கள். பீங்கான் துகள்களுக்கு நடுவே அவை பாறாங்கல் மாதிரி. சில துகள்கள் படலத்தின் தடிமனுக்கே நெருக்கம். துகள்களில் இருப்பவை: சிலிக்கான், கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ்.

மேலாளர் படித்துவிட்டு, "கால்சியம், சிலிக்கான்... இது மூஞ்சிப் பவுடர்லா?" என்றார். டிரை ரூமுக்குள் முகப்பவுடர் போட்டு வரக்கூடாது என்று விதி. ஆபரேட்டர் பெண் பவுடர் போடுகிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது போட்டிருப்பாள், உடை மாற்றும் அறையில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பொடியின் தொகுப்பு எண்ணையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வீழ்ந்த செல்கள் எல்லாம் ஆயுத பூஜைக்குப் பிறகான முதல் பொடி. என் கையெழுத்தில் அந்த வரி இருந்தது. சாணச் சாம்பலில் என்னென்ன இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன், மறுபடி தேடிப் படித்தேன். சிலிக்கா, கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளாகப் போய் ஓவன் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு வெள்ளைத் துணியை ஓட்டினேன். சாம்பல் நிறம். மூலையில் பழுப்புக் கலந்த சிவப்பு. வேகமாக விட்ட நைட்ரஜனில் பறந்து அங்கே ஒட்டியிருந்ததுதான் சனிக்கிழமை திறந்து பரப்பிய பொடியில் விழுந்திருக்கிறது. துணியை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஓவனைச் சுத்தம் செய்தேன். அதையும் பதிவேட்டில் எழுதவில்லை.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று இப்போது பல காரணங்கள் எழுதலாம். நாற்பத்தொன்பது வயதில் வேறு இடம் கிடைக்காது என்பது ஒன்று. உண்மையில் அதைவிடச் சின்னக் காரணம்தான். மற்றவர்கள் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். இன்று சொல்லலாம் என்று காலையில் கிளம்புவேன். மாலையில் நாட்குறிப்பைத் திறந்து மழை, பஸ் நேரம், படித்த பக்கம் எல்லாம் எழுதுவேன். அது மட்டும் இருக்காது.

புதன்கிழமை மேலாளர் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். பிரிவில் இருக்கும் ஏழு பேரும் இருந்தோம். மேசை மேல் ஒரு டிஷ்யூ பெட்டி. ஆபரேட்டரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு டிஷ்யூவால மூஞ்சியத் துடைச்சுக் குடு. லேபுக்கு அனுப்பி ஒத்துப்பாத்துட்டா உனக்கும் நல்லது" என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இங்கயேவா சார்?"

"ரெண்டு செகண்ட் வேலைதானம்மா."

"எல்லாரும் துடைக்கிறாங்களா, நா மட்டுந்தானா?"

மேலாளர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் டிஷ்யூவை எடுத்து நெற்றி, கன்னம், தாடை என்று மெதுவாகத் துடைத்து நீட்டினாள். மேலாளர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் பக்கம் தள்ளினார். "மேடம், லேபிள்."

லேபிள் எழுதுவது என் வேலை. நாள், நேரம், மாதிரியின் வகை, எடுத்த இடம். "எடுத்த இடம்" என்ற கட்டத்தில் "முகம்" என்று எழுதினேன். பிறகு அந்த லேபிளின் நகலைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அழகான கையெழுத்து.

அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தது. டிஷ்யூவில் மெக்னீசியம், சிலிக்கான், கொஞ்சம் கால்சியம். மேலாளர் கால்சியத்தின் கீழ் கோடு போட்டார். அவர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அன்று ஒரு தடவை வாய் திறந்தேன்.

"இதுல மெக்னீசியம் இருக்குது சார். செல்லுல மெக்னீசியம் இல்ல. செல்லுல பொட்டாசியமும் பாஸ்பரசும் இருக்குது, பவுடர்ல அது இல்ல. ரெண்டும் வேற."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. அப்ப அது எங்கேருந்து வந்துது? நீங்களே சொல்லுங்க மேடம்."

பாதி உண்மையைச் சொல்லி வெளியேறிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பாதிக்குப் பிறகு அங்கே கதவு இல்லை. "தெரியல சார்" என்றேன்.

"எனக்கும் தெரியல. கஸ்டமருக்கு வெள்ளிக்கிழமை காரணம் எழுதணும். தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான் இருக்கு."

புதன்கிழமை காலை கம்பெனி பஸ் சானமாவில் நின்றுவிட்டது. ராயக்கோட்டையிலிருந்து ஏறுகிறவள் நான். ஆபரேட்டர் பெண்ணும் அந்த மாதம் எங்கள் ஊரில் அக்கா வீட்டில் தங்கியிருந்ததால் அதே பஸ். விடிந்தும் விடியாத நேரம். சாலையோரத்தில் யானைகள் நிற்கின்றன, போகும்வரை அசையாதீர்கள் என்று வனத்துறைக்காரர்கள் எதிரே கை காட்டினார்கள். டிரைவர் என்ஜினை நிறுத்தினார். வேப்பனப்பள்ளிக்காரர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்று கிசுகிசுத்தார்: "யாரும் போன்ல டார்ச் அடிக்காதீங்க. அடிச்சா நா எறங்கிப் போயிருவேன். நீங்களே ஓட்டிக்கினு போங்க."

பின்னாலிருந்து ஒருவன், "நீங்க எறங்குனா யானை வந்து ஓட்டும்ணா. உங்களவிட நல்லாவே ஓட்டும்" என்றான். அடக்கிய சிரிப்பு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். முப்பது பேரின் மூச்சில் கண்ணாடி பூத்துப்போயிற்று. என் பக்கத்து இருக்கையில் அவள்.

"பஸ்சு லேட்டானாலும் என் மூஞ்சிப் பவுடராலதான்னு சொல்லப்போறாங்க பாருங்கக்கா" என்றாள். அவள் முகத்தில் அன்று பவுடர் இல்லை. அதற்கு முன்பு உடை மாற்றும் அறைக்கு வெளியே அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"எச்ஆர்ல கூப்பிட்டாங்க" என்றாள் பிறகு. "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, வேற கம்பெனில கேட்டா நல்லவிதமா சொல்றோம்ன்றாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம்மு."

"என்ன எழுதணுமாம்?"

"பவுடர் போட்டுக்கினு உள்ள போனேன், தப்புதான்னு. காண்ட்ராக்ட்காரங்கள பர்மனென்ட் ஆக்கறதுக்கு ஆன் ரோல் லிஸ்ட்டு போடப்போறாங்க. மூணு வருசம் நின்னுட்டேன். இப்பப் போயி இப்படி எழுதிக் குடுத்தா, இந்தப் பேட்டைல எந்தக் கேட்டுல போயி நிக்கறது? எல்லா பஸ்சுலயும் பேசிக்கினு இருக்காங்க. பவுடரால பேட்டரிய கெடுத்தவ."

நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அக்கா, நீங்க நெறைய படிக்கிறவங்க. கழுவிட்டுத்தான் போறேன், எனக்குத் தெரியும். ஆனா காது ஓரம், கழுத்துல எங்கியாவது மிச்சம் ஒட்டியிருந்துச்சோ என்னமோ. நெஜமாவே என்னாலதானா?"

அதுவரை அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உன்னால இல்ல" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரியும்."

"அதான், எப்படித் தெரியும்?"

முன்னாலிருந்து டிரைவர் உதட்டில் விரல் வைத்துத் திரும்பினார். சாலையைக் கடந்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு நிழல்கள் போயின. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்வரை நாற்பது நிமிடங்கள். எங்கும் இறங்கிப் போக முடியாத அந்த நாற்பது நிமிடங்களிலும் நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதிவேடுகளில் தாமதப் பதிவு என்று ஒரு முறை உண்டு. எழுத மறந்த வரியைப் பின்னால் எழுதும்போது பழைய நாளைப் போட்டு இடையில் செருகக் கூடாது. இன்றைய நாளில், கடைசி வரிக்குக் கீழே எழுத வேண்டும். நடந்த நாள் எது, என்ன விடுபட்டது, ஏன் விடுபட்டது, கையெழுத்து. பக்கங்களில் எண் அச்சிட்டிருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும். இந்த முறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

வியாழக்கிழமை காலை ஓவன் பதிவேட்டைத் திறந்து எழுதினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், விபூதியும் குங்குமமும், உள்ளே வைத்த நேரம், எடுத்த நேரம், வால்வை ஒரே திருகில் திறந்தது. குறியீடு என்ற கட்டத்தில் ஒரு கோடு. காரணம் என்ற கட்டத்தில் "மறதி" என்று போட்டால் போதும், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். நான் இப்படி எழுதினேன்: "குறியீடு இல்லாததால் அன்று எழுதவில்லை. சென்ற வாரம் திங்கட்கிழமை முதல் தெரிந்தும் எழுதவில்லை." கீழே, ஓவனைத் துடைத்த அந்தத் துணியை ஒரு பையில் போட்டு ஒட்டினேன். பதிவேட்டை மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். முதலில் கோபப்படவில்லை. "அந்தப் பொட்ட வச்சது நான் மேடம்" என்றார். கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சாமி கும்பிட்டதால செல் போச்சுன்னு கஸ்டமருக்கு எழுதச் சொல்லுதீகளா?"

"வால்வை வேகமா தொறந்ததாலன்னு எழுதுங்க சார். அதுதான் நடந்தது."

"இத நீங்க என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்லா? பதிவேட்டுலயா எழுதுவீக? இனி இத யாரால எடுக்க முடியும்?"

"அதனாலதான் எழுதினேன் சார்."

அப்போதுதான் கத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவர் அந்தப் பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணையே பார்த்துக் கத்தினார், என்னைப் பார்த்து அல்ல.

வெள்ளிக்கிழமை போன அறிக்கையில், அங்கீகாரம் இல்லாத பொருள் ஓவனில் காயவைக்கப்பட்டது என்று இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஓவன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பதிவேடுகளைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் வேலையில் விட்டுவைத்தார்கள். ஆள் பற்றாமல் டிரை ரூமில் எடை பார்க்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதேசமயம் ஆன் ரோல் பட்டியல் அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே மேலே போய்விட்டது, அவள் பெயர் இல்லாமல். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் மூன்று நாள் முன்னால் எழுதியிருந்தால் அவள் பெயர் இருந்திருக்கும். இந்தக் கணக்கை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தேதிகளை ஒத்துப் பார்த்து நானே போட்ட கணக்கு.

அதற்கடுத்த வாரம் முதல் நாள் நாங்கள் இருவரும் டிரை ரூமில் சேர்ந்து இருந்தோம். டெக்னீஷியன் விடுப்பு. வெள்ளை உடை, முகமூடி, கண்ணாடி. கண்களைத் தவிர ஒன்றும் தெரியாது. அவள் பொடியை எடுத்து வைக்க, நான் எடையைப் படித்து எழுதினேன். நாற்பது நிமிடங்கள் எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை. பிறகு தராசின் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன நாளா தெரியும்?"

யாராக இருந்தாலும் "கொஞ்ச நாளா" என்றிருப்பார்கள். எனக்கு அது வராது. "திங்கக்கெழமை சாயங்காலத்துலருந்து. மறு வாரம் வியாழக்கெழமை காலைல எழுதுனேன். பதினோரு நாள்."

கையுறை போட்ட விரல்களை மடக்கி எண்ணினாள். நாட்களை எண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொரு விரலுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. மூன்றாவது விரலில் நின்றாள்.

"டிஷ்யூ கொடுத்த அன்னிக்கி தெரியுமா?"

"தெரியும்."

தொடர்ந்து எண்ணினாள். "நடுவுல ஒரு ஞாயித்துக்கெழம வருது. கோயிலுக்கு மூஞ்சிய வெறுமனே வெச்சுக்கினு போனேன். எங்கம்மா, ஜொரமாடின்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. பூசை முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கினே இருந்தாங்க."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். "பேடா அக்கா" என்றாள், வேண்டாம் என்று கன்னடத்தில். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் முதலில் வரும். "ஒன்னியும் சொல்லாதீங்க. எடைய எழுதுங்க."

அடுத்த கிண்ணத்தைத் தராசில் வைத்தாள். எண் நிலைத்ததும் நான் வாசித்தேன், எழுதினேன். எங்கள் முறை முடிய இன்னும் ஒரு மணி இருபது நிமிடங்கள் இருந்தன.